கொழுக்கட்டைப் புல்லுக்கு ஒரு மாலை

திருச்சி,
2 டிசம்பர் 2023

அரி,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. போன மாதம் நீ போனில் கத்திய கத்தலுக்கு என் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டிவிட்டார். கடைசியில் கல்பனா உன் கையிலிருந்து போனைப் பிடுங்கி, "இன்னா அண்ணி இது, தெருவே கேக்குது! இனிமே அக்காவும் தம்பியும் லெட்டர் போட்டுக்கோங்க. கை வலிச்சா தானா நிறுத்துவீங்க" என்றாள். உன் வீட்டில் மூளை உள்ளவள் அவள் ஒருத்திதான். அதனால் எழுதுகிறேன்.

நம் ஐயனார் கோயில் காட்டில் இருக்கும் புல்லைப் பற்றித்தான். இப்போதே நீ உதட்டைப் பிதுக்குவது எனக்குத் தெரிகிறது. கடைசித் தடவையாகச் சொல்கிறேன், கேட்டுக்கொள். அந்தப் புல்லை நான் இரண்டே இடத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஒன்று வில்லியனூர்ப் பக்கம் ஒரு பழைய தோப்பு. போன வருஷம் அதை மனைப் பிரிவாக்கி, மரத்தையெல்லாம் எடுத்து, கல் நட்டுவிட்டார்கள். மிச்சம் இருப்பது நம் காடு ஒன்றுதான். இவ்வளவு அரிதாக இருந்தும், அழியும் தாவரங்களின் பட்டியலில் அதன் பெயருக்கு எதிரே "தகவல் போதவில்லை" என்றுதான் எழுதியிருக்கிறது. அந்த வரி மாறாதவரை அதைக் காப்பாற்ற ஒருவரும் சுண்டுவிரலைக்கூட அசைக்க மாட்டார்கள்.

ஜனவரி 6, சனிக்கிழமை, சென்னையிலிருந்து மூன்று பேர் கொண்ட குழு வருகிறது. புல்லைக் கதிரோடு நேரில் பார்த்துவிட்டால் அந்த வரியை மாற்றுவார்கள். காட்டைப் பாதுகாக்கவும் பரிந்துரைப்பார்கள். பார்க்காவிட்டால் என்ன ஆகும் என்பது உனக்குத் தெரியும். உங்கள் கமிட்டித் தலைவர் கலைவேந்தன் பாதிக் காட்டை வழித்துவிட்டு, திருவிழாவுக்குக் கார் நிறுத்த பேவர் கல் பதிப்பார். செயலாளர் என்று நீ அதில் கையெழுத்துப் போடுவாய்.

உன்னிடம் கேட்பது இரண்டே. கேட்டைத் திறந்து வை. அன்னதானம் போட்ட பிளாஸ்டிக் தட்டு, டம்ளரையெல்லாம் எடுத்துவிடு. வருகிறவர்களுக்கு அந்தப் புல் பளிச்சென்று கண்ணில் பட வேண்டும்.

சிந்தாமணி

*

இலுப்பைமேடு,
பாகூர் கொம்யூன்,
11 டிசம்பர் 2023

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. கத்தியது நான் மட்டும் என்று எழுதியிருக்கிறாய். கல்பனாவிடம் காட்டினேன், சிரித்தாள்.

எனக்கு ஒரு சந்தேகம். பத்தொன்பது வருஷமாக அந்தப் புல்லைப் பார்க்கிறாய். வருஷா வருஷம் கல்லூரிப் பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து குனிந்து குனிந்து பார்க்கிறீர்கள். அப்புறமும் தகவல் போதவில்லையா? நான் மின்துறையில் லைன்மேன். ஒரு தெருவில் கரண்ட் இல்லை என்று போய், பத்தொன்பது வருஷம் கழித்து "தகவல் போதவில்லை" என்று எழுதிக் கொடுத்தால் என்னைக் கம்பத்திலேயே கட்டிவைப்பார்கள்.

கலைவேந்தன் ஒன்றும் ராட்சசன் இல்லை. திருவிழாவுக்கு வருகிற வண்டியெல்லாம் கரையாம்புத்தூர் ரோட்டை அடைத்து நிற்கிறது, போன வருஷம் ஆம்புலன்ஸ் போக முடியவில்லை. அதற்குத்தான் பேவர் கல். நீ திருச்சியில் உட்கார்ந்துகொண்டு எங்களைக் காட்டை அழிக்கிற கும்பல் மாதிரி எழுதுகிறாய்.

இருந்தாலும் அக்கா கேட்டு இல்லை என்று சொன்னேன் என்ற பேச்சு எனக்கு வேண்டாம். செய்கிறேன். அந்தப் புல் எப்படி இருக்கும் என்று ஒரு போட்டோ அனுப்பு.

அரிகிருஷ்ணன்

*

திருச்சி,
18 டிசம்பர் 2023

அரி,

போட்டோ இதோடு இருக்கிறது. 2009இல் அட்டையில் உலர்த்தி ஒட்டி வைத்த மாதிரி. காய்ந்து பழுப்பாகத்தான் தெரியும். உனக்கு அடையாளம் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. வருகிறவர்களுக்குத் தெரியும். நீ சாவியோடு கேட்டில் இருந்தால் போதும்.

எனக்குத் தேர்வுத்தாள் குவிந்து கிடக்கிறது. இதற்கு மேல் எழுத நேரமில்லை.

சிந்தாமணி

*

இலுப்பைமேடு,
3 ஜனவரி 2024

அக்காவுக்கு,

இந்த ஒரு தடவையாவது நீ என்னைத் திட்டாமல் இருக்கப் போகிறாய். எல்லாம் தயார்.

இரண்டு நாள் லீவு போட்டேன். கலைவேந்தனிடம் சண்டை போட்டு, நூறு நாள் வேலைப் பெண்கள் பதினான்கு பேரைக் கேட்டு வாங்கினேன். பிளாஸ்டிக் மட்டும் எடுத்தால் போதும் என்று எழுதியிருந்தாய். வருகிறது பெரிய ஆபிசர்கள், நம் வீட்டு மரியாதை என்று ஒன்று இருக்கிறதே. வீரை மரத்தடியெல்லாம் கண்ட புல்லும் முழங்கால் வரை முளைத்து ஒரே பூச்சி. அதற்கு நடுவில் உன் புல் எப்படிக் கண்ணில் படும்? மண்வெட்டி போட்டுச் செதுக்கி, பெருக்கி, இப்போது காடு கல்யாண மண்டபம் மாதிரி இருக்கிறது. சோறு கொட்டினால் அள்ளிச் சாப்பிடலாம். பாதை இரண்டு பக்கமும் பிளீச்சிங் பவுடர் போட்டாயிற்று.

உன் புல்லையும் கண்டுபிடித்துவிட்டேன். மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் நல்ல உயரமாக, பூவெல்லாம் புசுபுசுவென்று ஒரு கொத்து. உன் போட்டோவை வைத்துப் பார்த்தேன், காய்ந்தால் அப்படித்தான் இருக்கும் போலிருந்தது. அதை மட்டும் ஒருத்தரையும் தொட விடவில்லை. சுற்றி மூங்கில் கட்டி, போர்டும் எழுதி வைத்திருக்கிறேன்.

இதை ஸ்பீட் போஸ்டில் போடுகிறேன். படித்துவிட்டு நிம்மதியாகக் கிளம்பி வா.

அரிகிருஷ்ணன்

*

திருச்சி,
17 ஜனவரி 2024

அரிகிருஷ்ணன்,

உன் கடிதம் நேற்றுதான் என் கைக்கு வந்தது. நான் நாலாம் தேதியே சென்னைக்குப் போய் அங்கிருந்து அவர்களோடு வந்தேன் என்பதால் அது என் கதவடியில் பொங்கல் வரை கிடந்தது. கிளம்பும் முன்பே கிடைத்திருந்தாலும் என்ன செய்திருப்பேன்? செதுக்கியதை ஒட்டவைத்திருப்பேனா?

அன்றைக்கு உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை இப்போது சொல்கிறேன். கேட்டில் வாழைமரம். "வருக வருக" என்று பேனர். உள்ளே நுழைந்தால் வெறும் செம்மண். விளக்குமாற்றுக் கோடு கூட அழியவில்லை. பத்தொன்பது வருஷமாக நான் கால் வைக்கத் தயங்கின இடத்தில் கோலம் போட்டிருந்தார்கள், அரி. கோலம்! நான் வீரை மரத்தடியில் குனிந்து தேடினேன். ஒரு இணுக்கு இல்லை. குழுவின் தலைவி என்னைப் பார்த்தாள். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மரத்தைப் பார்த்தேன்.

அதோடு விட்டீர்களா? கலைவேந்தன் எல்லாருக்கும் பொன்னாடை போர்த்தி, இளநீர் கொடுத்து, நேராக மோட்டார் கொட்டகைக்கு அழைத்துப் போனார். மூங்கில் வேலி. சாமந்தி மாலை. குங்குமப் பொட்டு. "அரிய வகைப் புல், தொடாதீர்" என்று உன் கையெழுத்தில் போர்டு. அந்தப் பெண் ரொம்ப மரியாதையாக, "மேடம், இது கொழுக்கட்டைப் புல்தானே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஊரில் ஒவ்வொரு வரப்பிலும் மாடு மேய்கிற கொழுக்கட்டைப் புல்லுக்கு என் தம்பி மாலை போட்டு வைத்திருந்தான்.

அறிக்கை வந்துவிட்டது. "குறிப்பிட்ட தாவரம் காணப்படவில்லை. ஆய்வு செய்த பகுதியில் தரைத் தாவரங்கள் ஏதும் இல்லை." அவ்வளவுதான். மே 2025இல் நான் ஓய்வு பெறுகிறேன். என் வாழ்நாள் வேலை என்று ஒன்று இருந்ததென்றால், அதை நீ பதினான்கு பேரை வைத்து இரண்டு நாளில் முடித்துவிட்டாய்.

பதில் எழுதாதே.

சிந்தாமணி

*

இலுப்பைமேடு,
29 ஜனவரி 2024

அக்காவுக்கு,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். நான் செய்தது தப்பு. உன் கடிதத்தைப் படித்த அன்று கம்பத்தில் ஏறவே பயமாக இருந்தது. கொட்டகைக்குப் போய் அந்தப் போர்டைப் பிடுங்கி அடுப்பில் வைத்துவிட்டேன்.

ஆனால் நீயும் ஒன்று சொல். பத்தொன்பது வருஷம். வேனில் பிள்ளைகளோடு வந்து இறங்குவாய். நான் கேட்டைத் திறந்துவிட்டு சாவியோடு நிற்பேன். அந்தப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டுவாய், லென்ஸ் கொடுப்பாய், அதுகள் ஆகா ஓகோ என்னும். ஒரு தடவையாவது "அரி, நீயும் வா, இதுதான்" என்று எனக்குக் காட்டினாயா? போட்டோ கேட்டதற்கும் உனக்கு அடையாளம் தெரிய வேண்டாம் என்றுதான் எழுதினாய். நான் பத்தாம் வகுப்பு. எனக்குக் காட்டி என்ன ஆகப் போகிறது என்று நினைத்திருப்பாய். அதனால் நான் உயரமாக எது இருந்ததோ அதை அரியது என்று நினைத்தேன்.

இன்னொரு விஷயம். கலைவேந்தன் அந்த அறிக்கையை ஜெராக்ஸ் எடுத்து மீட்டிங்கில் வாசித்தார். "அந்த அம்மா இட்டாந்த ஆளுங்களே சொல்லிட்டாங்க, உள்ள ஒண்ணும் இல்லன்னு. அப்புறம் இன்னா?" என்றார். சித்திரைத் திருவிழா முடிந்ததும் வேலை ஆரம்பிப்பதாகத் தீர்மானம் எழுதச் சொன்னார்கள்.

அரிகிருஷ்ணன்

*

திருச்சி,
20 பிப்ரவரி 2024

அரி,

இந்தக் கடிதத்தை இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன். மூன்றாவதில் முதல் வரியாக இதைப் போடுகிறேன், அப்போதுதான் தபாலில் சேர்ப்பேன்: நான் உனக்குக் காட்டவில்லை. அது உண்மை. படிப்பைப் பற்றி நினைத்தேனா என்று கேட்டால், இல்லை என்று சத்தியம் செய்ய என்னால் முடியவில்லை.

இதைப் படித்துவிட்டு உருகாதே. கோபம் அப்படியேதான் இருக்கிறது. பிளீச்சிங் பவுடரை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

காட்டாததை எழுதுகிறேன். அது உயரமே இல்லாத புல். தரையோடு படர்ந்து நுனியை மட்டும் ஒரு சாண் தூக்கும். இலை மூங்கில் இலையின் வடிவம், ஆனால் உன் சுண்டுவிரல் நீளம்தான். ஓரம் சுருங்கி அலை அலையாக இருக்கும். தடவினால் ஒரு பக்கம் வழுக்கும், மறு பக்கம் சொரசொரக்கும். கதிர் நூல் மாதிரி, காலையில் பனி பிடித்தால்தான் கண்ணுக்கே தெரியும். முழு வெயில் ஆகாது, முழு இருட்டும் ஆகாது. வீரையும் காயாவும் நெருங்கி நின்று, இலை நடுவே வெளிச்சம் துண்டு துண்டாக விழுகிற இடத்தில், சருகு மக்கிய மண்ணில் மட்டும் வரும். அப்படிப்பட்ட காடு இந்தப் பக்கம் கோயிலுக்குப் பயந்து விட்டுவைத்த இடத்தில்தான் மிச்சம். மிதித்தால் தாங்கும். செதுக்கினால் தாங்காது. ஐப்பசி மழையில் முளைத்து, தையில் விதை உதிர்த்து, மாசியில் காய்ந்துவிடும்.

தை என்பதைக் கவனித்தாயா? நீங்கள் மார்கழியில் வெட்டியபோது விதை உதிராமல் கதிரிலேயே இருந்திருக்க வேண்டும். அதனால் ஒன்று கேட்கிறேன், நிதானமாக விசாரித்து எழுது. வெட்டியதை எங்கே கொட்டினீர்கள்?

சிந்தாமணி

*

இலுப்பைமேடு,
9 மார்ச் 2024

அக்காவுக்கு,

விசாரித்துவிட்டேன். கலியம்மாளைக் கேட்டால் தெரியும் என்றார்கள், அன்றைக்கு அந்தம்மாதான் மேஸ்திரி. வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "அத்த மாடு மோந்துகூடப் பாக்காதுபா. ஆட்டுக்குப் போடலாம்னு ஒரு கட்டு வூட்டுக்கு எடுத்தாந்தேன், அதுவும் தொடல. மிச்சத்த மண்குதிரைக்குப் பின்னால பள்ளத்துல கொட்டிட்டோம்" என்றது. போய்ப் பார்த்தேன். ஐயனார் குதிரைகளுக்குப் பின்னால், மூன்று வீரை மரத்துக்கு நடுவில், வண்டி அளவுக்குக் காய்ந்து கிடக்கிறது. கிளறட்டுமா? தண்ணீர் ஊற்றட்டுமா?

தீர்மான நோட்டை நான் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அதில் செயலாளர் எழுதிக் கையெழுத்துப் போடாமல் கான்ட்ராக்டர் கல்லை இறக்க மாட்டார். அரிசி டிரம்முக்குள் போட்டு மூடினேன். மறுநாள் அரிசி அளக்கப் போன கல்பனா அதை எடுத்து என் முன்னால் வைத்து, "இது வேகாது" என்றாள். விஷயத்தைச் சொன்னதும் அவளே திரும்ப உள்ளே வைத்தாள்.

கலைவேந்தன் நேற்று வந்தார். "நோட்டு எங்கபா?"

"தேடினுகீறேன்."

"எப்ப கெடைக்கும்?"

"மழை வரணும்."

ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். இருபது வருஷ சினேகிதம், இப்போது டீக்கடையில் பக்கத்தில் உட்காருவதில்லை. இது உனக்குத் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அரிகிருஷ்ணன்

*

திருச்சி,
15 மார்ச் 2024

அரி,

கிளறாதே. தண்ணீர் ஊற்றாதே. கொளுத்த விடாதே. வேலி போடாதே, போர்டு எழுதாதே. ஒன்றும் செய்யாமல் இருப்பது உனக்கு வராது என்று தெரியும். ஐப்பசி வரை பழகிக்கொள்.

நோட்டு நனையாமல் பார்த்துக்கொள்.

சிந்தாமணி

*

இலுப்பைமேடு,
28 அக்டோபர் 2024

அக்காவுக்கு,

மழை விழுந்து பத்து நாள் ஆகிறது. பள்ளத்தில் பச்சை தெரிகிறது. இந்தக் கவரில் ஒன்று வைத்திருக்கிறேன், அதுதானா?

அரிகிருஷ்ணன்

*

திருச்சி,
4 நவம்பர் 2024

இல்லை. அது அருகம்புல். வருஷம் தவறாமல் நீ பிள்ளையாருக்கு வைப்பது.

சிந்தாமணி

*

இலுப்பைமேடு,
9 நவம்பர் 2024

அக்காவுக்கு,

அவசரத்தில் வேறு கவரில் மாற்றிப் போட்டுவிட்டேன். இதுதான் சரியானது என்று நினைக்கிறேன். இலை குறுகலாக இருக்கிறது.

அரிகிருஷ்ணன்

*

திருச்சி,
15 நவம்பர் 2024

இது கோரை. புல்லே இல்லை. தண்டை விரலில் உருட்டிப் பார், மூன்று பட்டை தட்டுப்படும். ஒரு பக்கம் முழுக்க வர்ணித்து எழுதினேனே, அதைப் படித்தாயா?

சிந்தாமணி

*

இலுப்பைமேடு,
19 நவம்பர் 2024

அக்காவுக்கு,

படித்தேன். பர்சில்தான் வைத்திருக்கிறேன். மடித்து மடித்து "சொரசொரக்கும்" என்ற இடம் கிழிந்துவிட்டது. இதன் இலை ஒரு பக்கம் நிச்சயமாகச் சொரசொரப்பு. பார்.

அரிகிருஷ்ணன்

*

திருச்சி,
25 நவம்பர் 2024

நெல், அரி. நெல்! படையல் போட்டபோது குதிரைக்குப் பின்னால் சிந்தியிருக்கும். அப்பா மூன்று காணி பயிர் வைத்தவர். நல்லவேளை, இதைப் பார்க்க அவர் இல்லை.

இனிமேல் எதையும் வேரோடு பிடுங்கி அனுப்பாதே. ஒருவேளை அதுவாக இருந்து, அது ஒன்றே ஒன்றாக இருந்தால்? ஒரு இலை போதும்.

சிந்தாமணி

*

இலுப்பைமேடு,
14 டிசம்பர் 2024

அக்காவுக்கு,

புயலன்று நீ பதினேழு தடவை போன் செய்திருக்கிறாய். சிக்னல் வந்த பிறகுதான் பார்த்தேன். கல்பனாவின் சட்டத்தை நீயே மீறிவிட்டாய். வீட்டில் எல்லாரும் நலம். அரிசி டிரம் மிதந்தது, நோட்டு நனையவில்லை.

எனக்கு ஒன்பது நாள் வீடே இல்லை. பாகூர் பக்கம் முழுக்கக் கம்பம் சாய்ந்து கிடந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்று கம்பி இழுத்தோம். பத்தாம் நாள் காலையில் வீட்டுக்குக்கூடப் போகாமல் காட்டுக்குத்தான் போனேன். ஓரமெல்லாம் சேறு. ஒரு பெரிய பாலை மரம் விழுந்து கிடக்கிறது. நான் கொழுக்கட்டைப் புல்லுக்கு மாலை போட்ட இடத்தில் மோட்டார் கொட்டகையே இல்லை. ஆனால் குதிரைகளும் அந்தப் பள்ளமும் இருக்கிற மேட்டுக்குத் தண்ணீர் ஏறவில்லை.

பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்தேன். களைப்பில் எழுந்திருக்க முடியவில்லை என்பதுதான் உண்மை. விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. தரையில் நூல் நூலாகப் பனி பிடித்திருந்தது. சிலந்தி வலை என்று நினைத்துக் கையை வைத்தேன், வலை இல்லை. இலை சுண்டுவிரல் அளவு. ஓரம் அலை அலையாக இருந்தது. தடவினேன், ஒரு பக்கம் வழுக்கியது. மறு பக்கம் என்ன செய்ததென்று உனக்கே தெரியும். இதில் எத்தனை ஆயிரத்தை நான் மண்வெட்டியால் செதுக்கினேன் என்று நினைத்தேன், அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் யாரும் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

எண்ணினேன். நாற்பத்தொன்று. மறுநாள் போய்த் திரும்ப எண்ணினேன். நாற்பத்தொன்று. எல்லாம் மூன்று வீரைக்கு நடுவில்தான். வெயில் படுகிற இடத்தில் ஒன்றும் இல்லை, மரத்தண்டை ஒட்டியும் இல்லை. காலை ஏழரையிலிருந்து ஒன்பது வரைதான் அங்கே வெளிச்சம் விழுகிறது, கடிகாரம் வைத்துப் பார்த்தேன். ஒரே ஒரு இலை கிள்ளி வைத்திருக்கிறேன். அதுவும் கீழ் இலை.

கலைவேந்தனைக் கூட்டிப்போய்க் காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு, "இதுக்கா நோட்ட ஒளிச்சி வெச்ச?" என்றார். ஆமாம் என்றேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார். பொங்கல் கழிந்ததும் மீட்டிங் என்று நேற்று தண்டோரா போட்டுவிட்டார், புதுச் செயலாளரைப் போடப் போகிறார்களாம்.

அதனால் சீக்கிரம் பார்த்து எழுது. இது அதுதான் என்றால், அந்த மூன்று பேரிடமும் கேள். நாற்பத்தொன்று என்று எண்ணியாயிற்று, மரம் தெரியும், மண் தெரியும், வெளிச்சம் விழுகிற நேரம் தெரியும். இன்னும் என்ன எழவுத் தகவல் போதவில்லையாம் அவர்களுக்கு?

அரிகிருஷ்ணன்

*

திருச்சி,
20 டிசம்பர் 2024

அரி,

அதுதான்.

கவரைப் பிரித்ததும் தெரிந்துவிட்டது. இருந்தாலும் லென்ஸை எடுத்து வைத்துப் பார்த்தேன். அப்புறம் லென்ஸ் வழியாக ஒன்றும் தெரியவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்க்க வேண்டியதாகிவிட்டது. அழுத சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் மறுபடி வந்து, தம்பியோடு சண்டையா என்று கேட்டார்.

உன் கடிதத்தை அப்படியே தட்டச்சு செய்து சென்னைக்கு அனுப்பினேன். "எழவு" என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டேன். பத்தொன்பது வருஷத்தில் வெளிச்சம் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை விழுகிறது என்று நான் குறித்ததில்லை. வெட்கமாக இருக்கிறது, எரிச்சலாகவும் இருக்கிறது. அதே பெண்தான் பதில் போட்டாள். ஜனவரி 11, சனிக்கிழமை, மூன்று பேரும் வருகிறார்கள். மீட்டிங்குக்கு முன்னால்.

நான் பத்தாம் தேதியே வந்துவிடுகிறேன். முதலில் எனக்குக் காட்டு. பதினொன்றாம் தேதி காலை ஏழரைக்கு அவர்களைப் பள்ளத்துக்கு அழைத்துப் போவது நீ. கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்வதும் நீ. நான் சாவியோடு கேட்டில் நிற்கிறேன்.

ஒன்றே ஒன்று, அரி. உன் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன். நாங்கள் வருகிறோம் என்று எதையும் சுத்தம் செய்து வைக்காதே.

அக்கா